ஆர் சொன்னது?

தேடிய கதை – 17

சென்ற வாரம் 1834 இல் நிறுத்தியிருந்தேன். கற்பிட்டிக்காரரான சைமன் காசிச்செட்டி இலங்கையின் ஊர்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கிப் புத்தகமாக்கிய ஆண்டு அது. ஒரு ஊரைப் பற்றி அறிய அங்கே போய் ஆளைப் பிடித்து விசாரிக்கத் தேவையில்லை, முதலெழுத்துத் தெரிந்தால் போதும் என்ற வசதி அந்தப் புத்தகத்தோடு வந்தது. கூடவே ஒரு சங்கடமும் வந்தது. எந்த முதலெழுத்து? யாழ்ப்பாணத்தை ஒருவர் ‘ஜே’யில் தேடுவார், இன்னொருவர் ‘வை’யில் தேடுவார். அந்தச் சங்கடம் இன்றைக்குக் கையிலிருக்கும் போன் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பார்க்கத்தான் இந்த வாரம் வன்னியிலுள்ள பூநகரிக்குப் போகிறோம்.

ஏன் பூநகரி? தந்தி வந்து, பிறகு ரெலிபோன் வந்து, பிறகு கணினி வந்து என்று படிப்படியாகப் பழகிய ஊர்கள் பல. பூநகரிக்கு அந்தப் படிகள் கிடைக்கவில்லை. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது இருந்த கொஞ்சமும் அறுந்துபோனது. 2010 ஐ ஒட்டிச் சனம் முகாம்களிலிருந்து திரும்பிவந்து கொட்டில் போட்டபோது, இருபது வருடத்தில் வெளியே நடந்ததெல்லாம் ஒரே சாமானாக, சட்டைப் பையில் அடங்கும் போனாக வந்து இறங்கியது. வாயால் கேட்டுத் தேடியவர்கள் அடுத்த நாள் விரலால் தேடினார்கள். “கூகிளில அடிச்சுப் பாருங்கோ மாமா” என்கிற பிள்ளையும், அடிக்கத் தெரியாத மாமாவும் ஒரே திண்ணையில் இருக்கிற ஊர்.

அந்த மாமாவிடம் ஒரு கேள்வி உண்டு. வன்னிச் சனத்தின் காதில் ஒரு செய்தி விழுந்தால், நம்புவதற்கோ மறுப்பதற்கோ முன் வருகிற கேள்வி அது. “ஆர் சொன்னது?” இந்த இரண்டு சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இந்த அத்தியாயத்தைக் கடக்கப் போகிறேன்.

பாலம் வருவதற்கு முந்திய காலத்திலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் தென்கரையில் சங்குப்பிட்டி, எதிரே கேரதீவு. நடுவில் ஓடியது ‘பாதை’. தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்: எங்களிடத்தில் பாதை என்றால் நடக்கிற வழி மட்டுமில்லை, வாகனத்தையும் ஆளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கும் அதுதான் பேர். பாதை இக்கரைக்கு வரும்வரை காத்திருப்பதுதான் பூநகரியில் தகவல் சேகரிக்கும் நேரம். மன்னார் றோட்டால் வந்தவர், சாவகச்சேரிச் சந்தைக்குப் போய்த் திரும்பியவர், கச்சேரியில் அலுவல் முடியாமல் சலித்து வந்தவர் எல்லாரும் அங்கே ஒன்றாக நிற்பார்கள். நெல் என்ன விலை, கச்சேரியில் அந்த ஐயா இருக்கிறாரா, மாற்றலாகிப் போய்விட்டாரா? பதிலோடு பதில் சொன்னவரின் பேரும் ஊரும் வரும். “பரமன்கிராயார் சொன்னவர்” என்று கேட்டால் ஒரு எடை, வேறு ஆள் சொன்னால் வேறு எடை.

எழுத்திலே இருக்கிறவற்றுக்கு விதானையார் இருந்தார். 1963 இல் அந்தப் பதவி போய்க் கிராம சேவகர் வந்தபோதும், வயதானவர்கள் கடைசிவரை விதானையார் என்றே கூப்பிட்டார்கள். எந்தக் காணி ஆருடையது, எந்தப் பிள்ளை எந்தப் பெருவெள்ளத்துக்குப் பிறகு பிறந்தது என்பதெல்லாம் அவரிடம் போனால் தெரியும். பத்திரிகைச் செய்திக்கு வாசிகசாலை. அங்கே ஒருவர் உரக்க வாசிப்பார், பத்துப்பேர் கேட்பார்கள், வாசித்து முடிந்தபின் அந்தப் பத்திரிகை ஆருடைய ஆட்களின் பத்திரிகை என்ற வாதம் தொடங்கும். அதுவும் “ஆர் சொன்னது” தான்.

1991 இன் பிற்பகுதியில் பூநகரியில் இராணுவ முகாம் வந்தது. ஆனையிறவில் ஏற்கெனவே இருந்தது. சங்குப்பிட்டியும் அடைபட, குடாநாட்டுக்கும் வன்னிக்கும் இடையில் மிஞ்சியது கிளாலிக் கடல்தான். இருட்டியபின் வள்ளம் ஏற வேண்டும். எஞ்சின் பூட்டிய ஒரு வள்ளத்தின் பின்னால் மற்ற வள்ளங்களைக் கயிற்றில் தொடுத்து இழுத்துக்கொண்டு போவார்கள். நாகதேவன்துறைக் கடற்படைத் தளத்திலிருந்து விசைப்படகு எந்நேரமும் வரலாம். 1993 சனவரி 2 ஆம் திகதி இரவு வந்தது. கடந்துகொண்டிருந்த பொதுமக்கள் பலர் தண்ணீரிலேயே செத்தார்கள்.

இந்தத் தொடரில் நூலகங்களையும் அட்டவணைகளையும் தந்தி நிலையங்களையும் பார்த்துவிட்டோம். ஆனால் ஒரு தகவலுக்காக மனிதர் உயிரைப் பணயம் வைத்துத் தேடிய இடம் என்று கேட்டால் கிளாலிக் கரையைத்தான் காட்டுவேன். தேடிய தகவல் மிகச் சின்னது. “இண்டைக்கு ஓடுமோ?” வேறொன்றும் வேண்டாம். கடித உறையைப் பையில் வைத்திருக்கும் பெடியனுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வந்த கர்ப்பிணிக்கும், கொழும்பில் விசா நேர்முகத்துக்குத் திகதி விழுந்தவருக்கும் அதே கேள்வி. பதிலை எங்கே தேடுவது? வானொலி சொல்லாது. எழுதி ஒட்டுகிற பலகை கிடையாது. தேத்தண்ணிக் கொட்டிலில் இருந்து முதல்நாள் கடந்து வந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் எந்த நேரம் ஏறினார், வெளிச்சம் ஏதும் கண்டாரா, எந்தப் பக்கத்துச் சத்தம்? பிறகு வள்ளக்காரரிடம் போக வேண்டும். அவருக்குக் கூலி இருக்கிறது, ஆகவே அவர் ஓடும் என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லைக் கழித்துப் பார்க்க வேண்டும். பிறகு காற்று.

கடந்தவர்களோடு கதைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருவர் சொன்னது மனதில் நிற்கிறது. “ஓடும் எண்டு அடிச்சுச் சொல்லுறவனை நம்பிறேல்லை. ‘எனக்கு விளங்கேல்லை, நேற்று ஓடினது’ எண்டு சொல்லுற ஆளைப் பாத்துத்தான் ஏறினனான்.” தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரின் மற்றச் சொல்லுக்கு விலை கூடும். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், கடைசிப் பக்கத்தில் வேண்டியிருக்கும்.

பொருளாதாரத் தடைப் பட்டியலில் ரோர்ச் பற்றரியும் இருந்தது. பற்றரி இல்லாத றேடியோவுக்குச் சைக்கிள்தான் மின்நிலையம். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் றேடியோவுக்குப் போகும். இரவு 9.15 க்குப் பிபிசி தமிழோசை. சுற்றுகிற கை களைத்தால் இலண்டனின் குரலும் களைத்து இழுபடும், உடனே அடுத்தவர் மாறுவார். தங்கள் ஊருக்கு மூன்று கட்டை தூரத்தில் விழுந்த ஷெல்லைப் பற்றி ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கேட்டறிந்த காலம் அது. ஏன் அந்தச் சுற்று? கொழும்பு வானொலியும் ஒன்று சொன்னது, புலிகளின் குரலும் ஒன்று சொன்னது. இரண்டையும் கேட்டுவிட்டு மூன்றாவதைக் கேட்டால்தான் முதல் இரண்டிலும் ஆர் எதை விட்டுவிட்டார்கள் என்று பிடிபடும். ஒரே தகவலை மூன்று இடத்தில் சரிபார்ப்பது ஆய்வாளரின் பழக்கம் என்று பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறார்கள். வன்னியில் அதை டைனமோ படிப்பித்தது.

1993 ஐ விட்டு நகர முன்னம் இன்னொன்று. அந்த ஆண்டில் பூநகரியைப் பற்றி இரண்டு காரியம் நடந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ப. புஷ்பரட்ணம் எழுதிய ‘பூநகரி தொல்பொருளாய்வு’ வெளிவந்தது. மண்ணித்தலை, வெட்டுக்காடு, பரமன்கிராய் என்று நடந்து நடந்து பானையோடும் காசும் பொறுக்கி, இந்த மணல்திட்டுகளில் ஆதிகாலம் தொட்டே குடியிருப்புகள் இருந்தன என்று காட்டிய நூல். மின்சாரமும் பெற்றோலும் கடதாசியும் இல்லாத நாளில் அது அச்சானது என்பதே ஒரு அதிசயம். மற்றக் காரியம் நவம்பர் 11 ஆம் திகதி தொடங்கியது. புலிகள் பூநகரி முகாமைத் தாக்கிய நான்கு நாள் சமர். இரண்டில் எது உலகத்தின் காதில் விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி யந்திரத்துக்கு வருவோம்.

1998 இல், தமிழ் மின்நூல்களுக்காக மதுரைத் திட்டம் தொடங்கிய அதே ஆண்டில், அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லரி பேஜும் சேர்ஜி பிரின்னும் கூகிளைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு முன்னமே தேடுபொறிகள் இருந்தன. 1995 இன் அல்ராவிஸ்ராவைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லாம் செய்வது அடிப்படையில் ஒரே வேலை. தேடு என்று நாம் அடித்தபின் அவை உலகம் முழுக்க ஓடித் தேடுவதில்லை. முன்கூட்டியே இணையப் பக்கங்களையெல்லாம் மேய்ந்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பெரிய சொல்லடைவு எழுதி வைத்திருக்கின்றன. காசிச்செட்டி செய்த வேலைதான். ஊருக்குப் பதில் ஒவ்வொரு சொல்லுக்கும் செய்கிறார்கள். பேஜும் பிரின்னும் சேர்த்தது வரிசை. ஒரே சொல் பத்தாயிரம் பக்கத்தில் இருந்தால் எது முதலில் வர வேண்டும்? எந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்கள் அதிகம் சுட்டுகின்றனவோ அது. சுட்டுகிற பக்கமும் பலரால் சுட்டப்படுகிற பக்கமாக இருந்தால் இன்னும் மேலே.

ஆக, “ஆர் சொன்னது” என்ற கேள்விக்கு யந்திரத்திடமும் ஒரு பதில் இருக்கிறது: கனபேர் சுட்டிக் காட்டியது. பூநகரியைக் கனபேர் எப்போது சுட்டிக் காட்டினார்கள்? சண்டை நடந்தபோது. ஆங்கிலத்தில், வெளியூர்க்காரர்.

இதை வாசகர்களே செய்து பார்க்கலாம். ஒரே ஊர், நாலு பேர்.

ஐரோப்பியர் காலத்து வரைபடங்களிலிருந்து வந்த ‘பூநெரின்’ என்ற ஆங்கில எழுத்துக்கூட்டில் தேடினால் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டை வரும். 1993 சமர் வரும். 2008 நவம்பர் 15 ஆம் திகதி இராணுவம் மீண்டும் பூநகரியைப் பிடித்த செய்தி வரும். கொஞ்சம் கீழே போனால் காற்றாலை; மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை நிறுவவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்ட செய்தி. கோட்டை, சண்டை, காற்று. ஆட்கள் இருக்கிற ஊர் என்பதற்கு அடையாளமே தெரியாது.

அதே ஆங்கில எழுத்தில், நாங்கள் உச்சரிக்கிறபடி ‘பூநகரி’ என்று அடித்தால் ஊர் மாறிவிடும். பிரதேச செயலகம், பாடசாலைகள், கேள்வி அறிவித்தல், குடிநீர்த் திட்டம், வெற்றிடம். ஒவ்வீஸ் பூநகரி என்று இதைச் சொல்லலாம். சிங்களத்தில் ‘பூனரீன்’ என்று தேடினால் இன்னொரு ஊர். அங்கே போய்ச் சேவை செய்து வந்த படையினரின் நினைவுகளில் இருக்கிற ஊர் அது.

தமிழில் பூநகரி என்று அடித்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று கிடைத்தது. மரண அறிவித்தல்கள். “பூநகரியைப் பிறப்பிடமாகவும், கனடா ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட...” என்று தொடங்குகிற, எங்களுக்கெல்லாம் மனப்பாடமான அந்த நீண்ட வசனம். காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் அன்புத் தாயும், இன்னாரின் மாமியும், பேர்த்தியும், பூட்டியும் என்று ஒரு வசனத்துக்குள் நாலு தலைமுறை. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். ஆனால் சிதறிப்போன ஒரு சமூகம் தன் விருப்பத்தோடு பொதுவெளியில் எழுதிவைத்த வம்சாவளி ஆவணம் வேறெங்கே இருக்கிறது? பூநகரியில் பிறந்து ஐந்து நாடுகளில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பது இந்த அறிவித்தல்களால்தான். பிள்ளைகளுக்குத் திருமணம் பேசுகிறவர்கள் இவற்றைத்தான் அலசுகிறார்கள். இறந்தவரைப் பற்றி எழுதியது இருப்பவரைத் தேட உதவுகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். அறிவித்தலின் அடியில் ஒரு வரி இருக்கும். “தகவல்: குடும்பத்தினர்.” இணையத்தில் நான் மேய்ந்த அத்தனை பக்கங்களிலும் கேட்காமலே “ஆர் சொன்னது” என்பதற்குப் பதில் சொல்லும் இனம் அது ஒன்றுதான்.

பேர் தெரிந்துவிட்டால் மட்டும் பழைய ஆவணம் கிடைத்துவிடாது. மாவட்டமும் தெரிய வேண்டும். கிளிநொச்சி மாவட்டம் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1984 இல். அதற்கு முந்திய பூநகரியைக் கிளிநொச்சியின் கீழ் தேடுகிறவருக்கு வெறுங்கைதான். குடிசன மதிப்பீட்டை எடுத்தால் இன்னும் மோசம். 1981 இல் எடுத்தார்கள். 1991 இல் நாட்டிலேயே எடுக்கவில்லை. 2001 இல் எடுத்தபோது வன்னியில் முழுதாக எடுக்க முடியவில்லை. அடுத்தது 2012, அப்போது மாவட்டம் முழுவதிலும் 1,13,510 பேர். நடுவிலே முப்பத்தொரு வருடம் எந்த யந்திரத்தாலும் நிரப்ப முடியாத ஓட்டை. அந்த முப்பத்தொரு வருடத்தில் பூநகரியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தேடினால் ஏதாவது ஒரு எண் வரும். ஆர் எண்ணியது என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுத்துருவின் கதை. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இலங்கைத் தமிழ் ஆவணங்களில் பாதி காணாமல் போயிருப்பது இந்தப் பொந்துக்குள்தான். யுனிகோட் என்ற பொதுக்குறியீட்டின் முதற் பதிப்பிலேயே, 1991 இல், தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் எங்கள் அச்சகங்களும் ஒவ்வீஸ்களும் பல வருடம் பாமினியில்தான் அடித்தன. பாமினி செய்வது ஒரு மாறுவேடம். கணினி உள்ளே ஆங்கில எழுத்தையே வைத்திருக்கும். அதன் மேல் தமிழ் முகமூடி போட்டுத் திரையில் காட்டும். பூநகரி என்று பாமினியில் அடித்தால் உள்ளே பதிவாவது ஜி, ஒரு கூட்டல் குறி, ஈ, எவ், எச், பி. தேடுபொறிக்கு முகமூடி தெரியாது. அது கண்டது அர்த்தமில்லாத ஆங்கிலக் கிறுக்கல். எத்தனை அறிக்கைகள், எத்தனை பாடசாலை மலர்கள் இப்படி வலையில் கிடந்தும் அகப்படாமல் கிடக்கின்றன!

புலம்பெயர்ந்த தமிழர் சிலர் பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகளைத் தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாகத் தந்தார்கள்; ஜேர்மனியிலிருந்த சுரதா யாழ்வாணனின் மாற்றியைப் பயன்படுத்தாத இணையத் தமிழர் அந்நாளில் குறைவு. இப்படி மாற்றும்போது ஒரு வேடிக்கை நடந்தது. ‘ரி’ என்ற எழுத்துக்குப் பாமினிக்காரர் பலர் ரகரத்தை அடிப்பதில்லை. ஆகாரத்துக்குப் போடும் கால், அதன் மேல் விசிறி. பார்வைக்கு அச்சொட்டாக ரி. மாற்றி என்ன செய்யும்? காலைக் காலாகவே மாற்றும். பூநகரி ‘பூநகாி’ ஆகிவிடும். இந்த இரண்டு சொல்லையும் நான் அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன். அச்சில் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. யந்திரத்துக்கு அவை வேறு வேறு சொல்.

1981 இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்களை எண்ணிச் சொல்கிறோம். முகமூடிக்குள் மறைந்தவற்றை ஒருவரும் எண்ணவில்லை. எரித்ததையும் இதையும் ஒன்றாக வைக்கவில்லை. இது நாங்களே தெரியாமல் செய்தது. இதைத் திருப்பிச் செய்யலாம் என்பதுதான் ஆறுதல்.

திருப்பிச் செய்கிறவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர்கள் நூலகம் வலைத்தளத்தினர். 2005 இல் தி. கோபிநாத், மு. மயூரன் போன்ற இளைஞர்கள் தொடங்கியது. இன்றைக்கு இலங்கைத் தமிழ் நூல், இதழ், துண்டுப்பிரசுரம் எதைத் தேடினாலும் முதலில் போகும் இடம். புஷ்பரட்ணத்தின் பூநகரி நூலை நான் பார்த்ததும் அங்கேதான். ஆனால் வருடிய பக்கம் ஒரு படம். படத்துக்குள் இருக்கும் சொல்லை யந்திரம் வாசிக்காது. கூகிள் 2015 இல் தமிழ் உட்பட இருநூறுக்கு மேற்பட்ட மொழிகளில் படத்தை எழுத்தாக்கும் வசதியைத் திறந்துவிட்டபின்தான் அந்தப் பூட்டுக் கொஞ்சம் நெகிழ்ந்தது. அதுவரையில் நூலின் பேர் தெரிந்தவருக்கே நூல். பேர் தெரியாவிட்டால், பேர் தெரிந்த ஒருவரைத் தெரிய வேண்டும். திரும்பவும் பாதைக்காகக் காத்திருந்த சங்குப்பிட்டிக் கரைதான்.

இன்றைய பூநகரியில் எதைத் தேடுகிறார்கள்? பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் சுட்டெண்ணை அடித்து அடித்துப் பிள்ளைகளின் விரல் தேய்கிறது. பள்ளிக்குடாவிலும் நாச்சிக்குடாவிலும் கடலுக்குப் போகுமுன் காற்றின் வேகத்தை நிறத்தில் காட்டும் செயலியைப் பார்க்கிறார்கள்; பார்த்துவிட்டு வெளியே வந்து ஒருதரம் வானத்தையும் பார்க்கிறார்கள். 1919 என்ற எண்ணில் அரசாங்கத் தகவல் நிலையம், 1920 இல் விவசாய ஆலோசனை. 1920 ஐ அடித்து மொட்டைக்கறுப்பனைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று ஒரு கமக்காரரிடம் கேட்டேன். “அவை எங்களிட்டையெல்லே கேக்கவேணும்” என்றார். சிவப்பரிசிக்குப் பூநகரி மொட்டைக்கறுப்பன் என்றால் யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் தனி மதிப்பு. எந்த வயல்நிலத்தில் அது படுக்காது, எந்த உவரை அது தாங்கும் என்பதெல்லாம் அவர்களின் வாயில் இருக்கிறது. அடிப்பதற்கு இன்னும் ஒருவரும் வரவில்லை.

2017 ஆகஸ்ட்டில் தமிழில் பேசியே தேடும் வசதியைக் கூகிள் கொண்டுவந்தது. அடிக்கத் தெரியாத மாமாவுக்கு இதுதான் விடிவு என்று நினைத்தோம். மாமா “சோளகம் எப்ப பெயரும்?” என்று கேட்டார். போன் சோளத்தைக் காட்டியது. அவர் போனைப் பேரனிடம் கொடுத்துவிட்டு, “இது இந்தியாவிலை படிச்சது போலை” என்றார்.

2022 நவம்பரில் சற்ஜிபிரி வந்தபின் இன்னொரு மாற்றம். பத்துப் பக்கங்களைக் காட்டி நீயே பார் என்று விட்ட காலம் போய், ஒரே வாயால் ஒரே பதில். நன்றாகக் கோர்த்த வசனங்களில், தடுமாறாமல். கிளாலியில் ஏறியவரின் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ‘எனக்கு விளங்கேல்லை, நேற்று ஓடினது’ என்று அது எப்போதாவது சொல்கிறதா?

ஒரு தேடலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தள்ளித் தள்ளி வைத்தேன். 2008 இல் பூநகரியிலிருந்து கிழக்கே நகரத் தொடங்கிய சனம் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலைத் தாண்டி வவுனியா முகாம்களுக்கு வந்தபோது, முதலில் தேடியது ஒருவரை ஒருவர். முள்வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எந்த வலயத்தில் ஆர் என்று பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். சிலருக்குப் பதில் கிடைத்தது. கிடைக்காதவர்கள் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் படங்களோடு இருந்தார்கள். அந்த மாதம் 3 ஆம் திகதிதான் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. தகவல் கேட்டு எழுதினால் பதினான்கு வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். சட்டம் வந்து பதினேழாம் நாள் தாய்மார் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்பது ஒரு பட்டியல், சரணடைந்தவர்களின் பேர்ப்பட்டியல். அதற்கு யந்திரம் வேண்டியதில்லை. எழுதியவர் எடுத்துத் தந்தால் போதும்.

போன மாதம் இந்த அத்தியாயத்துக்காகப் பூநகரியின் பழைய ஊர்ப்பேர்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பூநகரி என்று அடித்தேன், குளங்களின் பேரைச் சேர்த்து அடித்தேன். மரண அறிவித்தல்களும் காற்றாலையும்தான் மாறி மாறி வந்தன. பேரன் பக்கத்தில் இருந்தான். “பிழையா அடிச்சுப் பாருங்கோ அப்பப்பா” என்றான். எப்படிப் பிழையாக என்று கேட்டேன். ரகரத்தை அழித்துவிட்டுக் கால் போட்டு, அதன் மேல் விசிறியைப் போட்டுக் காட்டினான். ஒரு ஆவணம் வந்தது. பதினெட்டுப் பக்கம், வாய்க்கால், குளம், ஒழுங்கை, இப்போது ஒருவரும் சொல்லாத திடல்கள். எந்த அலுவலகம், எந்த ஆண்டு என்று முகப்பில் ஒன்றும் இல்லை. எழுதியவரின் பேரும் இல்லை. ஆனால் ரி வருகிற இடமெல்லாம் கால் போட்டு விசிறி வைத்திருந்தார். பாமினியில் பழகிய கை. சில ஊர்ப்பேர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சனம் கூப்பிடும் பேரையும் போட்டிருந்தார், மேலதிகாரி கேட்டிருக்க மாட்டார். ஊர்க்காரர்.

(தொடரும்)